பிரிண்டருக்கு ஒரு நிரந்தர எண்

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போய்த் திரும்பி வந்தது. மறுநாள் காலை பிரிண்டர் வேலை செய்யவில்லை. விளக்கு எரிகிறது, காகிதம் இருக்கிறது, மை இருக்கிறது. கம்ப்யூட்டர் மட்டும் பிரிண்டரைக் காணோம் என்கிறது. அரை மணி நேரம் குடைந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அதுவரை 192.168.1.7 என்ற எண்ணில் இருந்த பிரிண்டர், ராத்திரியோடு ராத்திரியாக 192.168.1.4க்குக் குடிபோய்விட்டது. 7ல் டிவி உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர், பாவம், அச்சடிக்க வேண்டிய பக்கத்தை டிவியிடம் கொண்டுபோய் நீட்டிக்கொண்டிருந்தது.

இதற்கு மருந்து எளிது. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, டிஎச்சிபி பகுதிக்குப் போனால் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் கருவியின் மேக் முகவரி, இன்னொரு பக்கம் அதற்கு நாம் தர விரும்பும் ஐபி முகவரி. எழுதிச் சேமித்தால் முடிந்தது. அதற்கப்புறம் எத்தனை முறை கரண்ட் போனாலும் பிரிண்டர் அதே எண்ணில்தான் எழுந்திருக்கும்.

வேலை இரண்டு நிமிஷம்தான். ஆனால் அந்த இரண்டு பத்தி அட்டவணை என்னை விடவில்லை. எந்த எண் யாருக்கு என்று எழுதி வைக்கும் பதிவேடு அது. இந்தப் பதிவேட்டை யார் வைத்திருப்பது என்ற கேள்வி இணையத்தைவிடப் பழையது. பல கை மாறித்தான் அது நம் வீட்டு ரவுட்டருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் கதையைத் தேடிப் படித்ததன் குறிப்புகள் இவை.

முதலில் ஒன்று. நிரந்தர ஐபி என்பது ஏதோ கூடுதல் வசதி மாதிரி இன்று தோன்றுகிறது. உண்மையில் ஆரம்பத்தில் எல்லா முகவரியும் நிரந்தரம்தான். மாறுகிற முகவரிதான் பின்னால் வந்த புதுமை.

1969ல் அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் தொடங்கியபோது நான்கு இடங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையம் 2, சான்டா பார்பரா 3, யூட்டா 4. ஒவ்வொரு இடத்திலும் ஐஎம்பி என்ற ஒரு பெட்டி, கிட்டத்தட்ட இன்றைய ரவுட்டரின் கொள்ளுத்தாத்தா. கம்ப்யூட்டரின் முகவரி என்றால் எந்தப் பெட்டியில், எத்தனையாவது துளையில் வயரைச் சொருகியிருக்கிறது என்பதுதான். பின்னால் ஐபி வந்தபோது ஆர்ப்பாநெட்டுக்கு 10 என்ற நெட்வொர்க் எண் கொடுத்தார்கள். அப்போதும் இதே வழக்கம் தொடர்ந்தது: 10ல் தொடங்கும் முகவரியின் கடைசி எண் எந்தப் பெட்டி என்பதையும், இரண்டாவது எண் எந்தத் துளை என்பதையும் சொல்லும். கம்ப்யூட்டரை அடுத்த பெட்டிக்கு மாற்றினால் எண்ணும் மாறும். இயந்திரத்தின் பெயராக யாரும் அதை நினைக்கவில்லை, அது இருக்கும் இடத்தின் பெயர் அது. கதவு எண் மாதிரி. இந்த 10ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் இன்னொரு தடவை வரும்.

பதிவேடு அப்போது மனிதர்கள் கையில் இருந்தது. முக்கியமாக இரண்டு பேர். ஒருவர் ஜான் போஸ்டல். 1972லேயே, எந்த சாக்கெட் எண் எதற்கு என்று தீர்மானிக்க ஒரு 'ஜார்' வேண்டும், அது நானாகவே இருக்கலாமா என்ற தொனியில் ஒரு குறிப்பு எழுதியவர். பாதி விளையாட்டாகக் கேட்ட அந்த வேலையை 1998 அக்டோபரில் இறக்கும்வரை செய்தார். எந்த நிறுவனத்துக்கு எந்த நெட்வொர்க் எண் என்று அவர் தொகுத்த பட்டியல்கள் ஆர்எஃப்சி ஆவணங்களாக அவ்வப்போது வெளியாகும். 1981 செப்டம்பரில் ஐபியின் இலக்கணமான ஆர்எஃப்சி 791 வந்தபோது, அதற்கு முந்தைய எண்ணிலேயே, 790 ஆக, அவருடைய எண் பட்டியலும் வந்தது.

இன்னொருவர் எலிசபெத் ஃபைன்லர், எல்லாரும் ஜேக் என்று கூப்பிடுவார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் நெட்வொர்க் தகவல் மையத்தை நடத்தியவர். ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற ஒரே ஒரு கோப்பு, அதில் நெட்வொர்க்கில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும். புதுக் கம்ப்யூட்டர் வைத்தால் மையத்துக்கு ஃபோன் போட வேண்டும், அல்லது மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அவர்கள் சேர்ப்பார்கள். மற்ற எல்லாரும் அந்தக் கோப்பை அவ்வப்போது இறக்கிக்கொள்வார்கள். உலக இணையத்தின் முகவரிப் புத்தகம் ஒரு அலுவலகத்தின் வேலை நேரத்துக்குள் அடங்கியிருந்தது! 1983ல் பால் மோக்காபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்ததற்கு, இந்த ஒற்றைக் கோப்பு தாங்காது என்பதுதான் காரணம். அந்தக் கோப்பு செத்துவிட்டதா என்றால், இல்லை. இன்றும் உங்கள் கம்ப்யூட்டரில் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. அந்த வம்சம்தான்.

ஐபி முகவரிக்கு 32 பிட், அதாவது சுமார் 430 கோடி எண்கள் போதும் என்று முடிவானது 1977ல். ஒரு சோதனை முயற்சிக்கு இவ்வளவு போதும் என்றுதான் அன்று நினைத்தேன், சோதனை முடியவேயில்லை என்று வின்ட் செர்ஃப் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கம்ப்யூட்டர் என்பது ஒரு அறையை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், பல்புக்கும் பிரிண்டருக்கும் முகவரி கேட்பார்கள் என்று யார் கண்டது?

இதே நேரத்தில் இன்னொரு எண் தனியாகப் பிறந்துகொண்டிருந்தது. ஜெராக்ஸ் நிறுவனம், டெக், இன்டெல் மூன்றும் சேர்ந்து 1980ல் ஈதர்நெட்டின் வரையறையை வெளியிட்டன. ஒவ்வொரு ஈதர்நெட் அட்டைக்கும் 48 பிட் எண், உலகத்தில் வேறு எதற்கும் இல்லாத எண். இதை ஏன் இப்படிச் செய்ய வேண்டும் என்று விளக்கி யோகேன் தலால், ராபர்ட் பிரின்டிஸ் என்ற இரண்டு பேர் 1981ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வாதம் இதுதான்: எண் நெட்வொர்க்கைச் சார்ந்து இருக்கக்கூடாது, கருவியைச் சார்ந்து இருக்க வேண்டும். தொழிற்சாலையிலேயே எழுதிவிடு, பிறகு எந்த நெட்வொர்க்கில் சொருகினாலும் மோதல் வராது. இதுதான் இன்று நாம் மேக் முகவரி என்று சொல்வது.

பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று ஒரு வரி இருக்குமே, வலது முழங்கையில் ஒரு மச்சம் என்று எழுதுவார்கள். மேக் முகவரி அந்த மச்சம். ஐபி முகவரி வீட்டு விலாசம். மச்சத்தை வைத்து விலாசத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் அடுத்த பத்து வருஷத்துக் கதை.

1980களின் தொடக்கத்தில் டிஸ்க் இல்லாத வொர்க்ஸ்டேஷன்கள் வந்தன. டிஸ்க் விலை அதிகம், அதனால் திரையும் பிராசஸரும் மட்டும் மேஜையில், கோப்புகள் எல்லாம் எங்கோ ஒரு சர்வரில். ஸ்விட்சைப் போட்டதும் அந்த இயந்திரத்துக்கு ஒரு தர்மசங்கடம். தன் ஐபி முகவரி என்ன என்று அதற்குத் தெரியாது, ஏனென்றால் எழுதி வைக்க டிஸ்க் கிடையாது. தெரிந்தது எல்லாம் அட்டையில் இருக்கும் மச்சம் மட்டும்தான். 1984 ஜூனில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபின்லேசன், மான், மோகல், தைமர் நான்கு பேர் இதற்கு எழுதிய விடை ஆர்ஏஆர்பி, ஆர்எஃப்சி 903. இயந்திரம், "என் மச்சம் இது, நான் யார்?" என்று நெட்வொர்க் முழுக்கக் கத்தும். சர்வர் தன் பட்டியலைப் பார்த்து எண்ணைச் சொல்லும்.

அந்தப் பட்டியல் யூனிக்ஸ் இயந்திரங்களில் ஈதர்ஸ் என்ற கோப்பாக இருந்தது. ஒரு பக்கம் மேக், ஒரு பக்கம் பெயர் அல்லது ஐபி. பிரிண்டருக்காக நான் ரவுட்டரில் நிரப்பிய அதே இரண்டு பத்தி! பல வீட்டு ரவுட்டர்களுக்குள் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளுக்கு, அந்த ஈதர்ஸ் கோப்பை அப்படியே படிக்கும் வசதி இன்றும் உண்டு. நாற்பது வருஷப் பழைய பதிவேடு, தாள் மட்டும்தான் புதுசு.

ஆர்ஏஆர்பியில் குறை நிறைய. கத்துவது அடுத்த நெட்வொர்க்குக்குக் கேட்காது, ஆகவே ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் ஒரு சர்வர் வேண்டும். அதோடு, எண்ணைத் தவிர வேறெதையும் சொல்லாது. வெளியே போக எந்த வழி, எந்தக் கோப்பை இறக்கி எழுந்திருக்க வேண்டும், ஒன்றும் கிடையாது. அடுத்த வருஷமே, 1985 செப்டம்பரில், ஸ்டான்ஃபோர்டின் பில் கிராஃப்டும் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜான் கில்மோரும் பூட்பி என்ற நெறிமுறையை எழுதினார்கள். இது ரவுட்டரைத் தாண்டிப் போகும், கோப்பின் பெயரையும் சொல்லும்.

பூட்பியில் ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கடிதத்தின் கடைசியில் 64 பைட் காலி இடம் விட்டிருந்தார்கள், அவரவர் தேவைக்கு எழுதிக்கொள்ள. அந்த இடத்தில் பொதுவான முறையில் எழுதியிருக்கிறது என்று காட்ட, 1988ல் ஒரு அடையாளம் வைத்தார்கள்: 99, 130, 83, 99. நான்கே எண்கள். இன்று உங்கள் ஃபோன் வைஃபையில் சேரும்போது அனுப்பும் டிஎச்சிபி கடிதத்தைப் பிரித்துப் பார்த்தால் அதே 99, 130, 83, 99 அதே இடத்தில் இருக்கும். டிஎச்சிபி என்பது பூட்பியின் உறைக்குள் வைத்த புதுக் கடிதம்தான். பயன்படுத்தும் 67, 68 என்ற போர்ட் எண்கள்கூட மாறவில்லை.

ஆனால் பூட்பியிலும் பதிவேட்டை ஒரு ஆள்தான் நிரப்ப வேண்டும். புது கம்ப்யூட்டர் வந்தால் அட்டையின் எண்ணைப் பார்த்து, கோப்பில் தட்டி, சர்வரிடம் சொல்ல வேண்டும். பத்து இயந்திரம் என்றால் பரவாயில்லை. பல்கலைக்கழக வளாகம் முழுக்க பிசி வந்து, அதன்பின் மடிக்கணினியும் வந்தால்? ஒருத்தர் காலையில் நூலகத்திலும் மதியம் வகுப்பிலும் சொருகுவார். இரண்டு இடத்துக்கும் இரண்டு எண். கணக்குப்பிள்ளை ஓடிப்போய்விடுவார்.

பென்சில்வேனியாவில் பக்னெல் என்ற சின்னப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ரால்ஃப் ட்ரோம்ஸ் இதை எடுத்துக்கொண்டார். 1993 அக்டோபரில் டிஎச்சிபி முதல் வடிவம், 1997 மார்ச்சில் இன்றும் நிற்கும் ஆர்எஃப்சி 2131. இதில் புதிய யோசனை ஒன்றே ஒன்றுதான்: எண்ணைக் கொடுக்காதே, வாடகைக்கு விடு.

வீட்டு வாடகை ஒப்பந்தம் மாதிரியேதான். கருவி, "யாராவது எண் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்கும். சர்வர், "இது காலியாக இருக்கிறது" என்று ஒன்றைக் காட்டும். கருவி, "அதையே தாருங்கள்" என்று கேட்கும். சர்வர், "எடுத்துக்கொள், இத்தனை மணி நேரத்துக்கு" என்று முடிக்கும். கெடுவில் பாதி கழிந்ததும் கருவி சர்வரிடம் போய்ப் புதுப்பிக்கக் கேட்கும். பதில் இல்லையென்றால் எட்டில் ஏழு பங்கு காலம் முடிந்ததும், எந்த சர்வராவது இருக்கிறீர்களா என்று பொதுவாகக் கத்தும். அப்போதும் இல்லையென்றால், கெடு முடிந்ததும் எண்ணைக் காலி செய்துவிட வேண்டும். அட்வான்ஸ் பிடித்துக்கொள்ளும் தகராறு மட்டும் கிடையாது.

நான் நினைத்திருந்தது என்னவென்றால், டிஎச்சிபி என்றாலே மாறுகிற முகவரி, நிரந்தரம் வேண்டுமென்றால் அதை விட்டுவிட்டு கருவியிலேயே எண்ணைத் தட்ட வேண்டும், ரவுட்டரில் இருக்கும் முன்பதிவு அட்டவணை கம்பெனிக்காரர்கள் ஒட்டுப்போட்டுச் சேர்த்தது என்று. மூல ஆவணத்தைப் படித்தால் அது தவறு. டிஎச்சிபி எண் ஒதுக்கும் வழி மூன்று என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. தானாக ஒரு எண்ணை நிரந்தரமாகத் தருவது ஒன்று. கெடு வைத்துத் தருவது ஒன்று. மூன்றாவது, நிர்வாகி முன்பே எழுதி வைத்த எண்ணைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும். ஆக, நம் அட்டவணை முதல் நாளிலிருந்தே குடும்பத்தில் ஒரு ஆள்.

இந்த வித்தியாசம் நடைமுறையில் முக்கியம். பிரிண்டரின் சின்னத் திரையிலேயே 192.168.1.7 என்று தட்டிவைத்தால், பதிவேட்டில் அது ஏறாது. பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில் ஒரு விருந்தாளியின் ஃபோன் வந்தால், ரவுட்டர் "7ல் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பார்த்தாலும் பதில் வராது. காலி என்று நினைத்து 7ஐ ஃபோனுக்குக் கொடுத்துவிடும். பிறகு பிரிண்டரைப் போட்டால் ஒரே வீட்டுக்கு இரண்டு சாவி. கருவியில்தான் எழுதுவேன் என்றால், ரவுட்டர் வாடகைக்கு விடும் எண் வரிசைக்கு வெளியே ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அட்டவணையில் எழுதினால் இந்தத் தலைவலி இல்லை, பதிவேடு ஒன்றே ஒன்றுதான்.

சரி, அது ஏன் எல்லார் வீட்டிலும் 192.168? இங்கேதான் ஒரு நல்ல சண்டை வருகிறது.

1990களின் தொடக்கத்தில் எண்கள் தீர்ந்துவிடும் என்ற பயம் வந்துவிட்டது. 1994 மார்ச்சில் ரெக்டர், மாஸ்கோவிட்ஸ், கேரன்பெர்க், டி க்ரூட் நால்வரும் ஆர்எஃப்சி 1597 எழுதினார்கள். மாஸ்கோவிட்ஸ் வேலை பார்த்தது கிரைஸ்லர் கார் கம்பெனியில் என்பதைக் கவனியுங்கள், நெட்வொர்க் கம்பெனி இல்லை. அவர்கள் சொன்னது: வெளி உலகோடு பேசவே தேவையில்லாத இயந்திரங்கள் ஏராளம். விமான நிலையத்தில் எந்த விமானம் எப்போது என்று காட்டும் திரைகளும், கடையில் பில் போடும் இயந்திரங்களும் எதற்கு உலகத்தில் தனித்த எண்ணை வீணாக்க வேண்டும்? மூன்று தொகுதி எண்களை ஒதுக்கிவைப்போம், யாரையும் கேட்காமல் யார் வேண்டுமானாலும் உள்ளுக்குள் பயன்படுத்தட்டும். 192.168 என்று தொடங்குபவை 65,536. 172.16 முதல் 172.31 வரை பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அப்புறம் 10 என்று தொடங்குபவை மொத்தமும், ஒரு கோடியே 67 லட்சத்துச் சொச்சம். ஆமாம், அதே 10தான். ஆர்ப்பாநெட் 1990ல் மூடப்பட்டதும் காலியான பழைய வீடு.

நான்கே மாதத்தில் பதிலடி. லியர், ஃபேர், குரோக்கர், கெஸ்லர் நால்வரும் ஆர்எஃப்சி 1627 என்று ஒன்றை எழுதினார்கள். 10ஐப் பயன்படுத்துவது தீங்கு என்பதைத் தலைப்பிலேயே வைத்துவிட்டார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஒரு எண் உலகத்தில் ஒரே கருவியைத்தான் குறிக்கும் என்பதுதான் இணையத்தின் அடிப்படை. அதைக் கைவிட்டால், நாளை இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகும்போது ஒரே எண்ணில் இரண்டு இயந்திரம் முட்டிக்கொள்ளும். இன்று உள்ளுக்குள் மட்டும் என்று சொல்வது நாளை வெளியே வர ஆசைப்படும். அலுவலகத்தின் விபிஎன்னும் வீட்டு நெட்வொர்க்கும் ஒரே 192.168.1 வரிசையில் இருந்து, வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாமல் திண்டாடியவர்களுக்கு இது தீர்க்கதரிசனம் என்று புரியும்.

முடிவு என்ன தெரியுமா? 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918, மூன்று தொகுதிகளையும் உறுதி செய்தது. அதன் ஆசிரியர் பட்டியலில் பழைய நால்வரோடு ஐந்தாவது பெயர்: லியர். எதிர்த்து எழுதிய அதே லியர். தோற்றவர் வெளியே போய்க் கோபித்துக்கொள்ளாமல் உள்ளே வந்து, இந்தத் தனி எண்களால் என்னென்ன கெடுதல் வரும் என்பதும் அதே ஆவணத்தில் எழுதப்பட்டது. தொழில்நுட்ப வரலாற்றில் இந்த மாதிரி சமாதானத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

உள்ளே மட்டும் என்று சொன்ன எண்கள் வெளியே பேச ஆரம்பித்தது நாட் என்ற உத்தியால். எகெவாங், ஃபிரான்சிஸ் இருவரும் 1994 மே மாதம் அதை எழுதினார்கள், தற்காலிக ஏற்பாடு என்ற எண்ணத்தில். வீட்டுக்குள் இருபது கருவி, வெளியே ஒரே எண், நடுவில் ரவுட்டர் மொழிபெயர்ப்பாளர். அந்தத் தற்காலிகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் இந்த எண்களை நான் முதலில் பார்த்தது பிரவுசிங் சென்டரில்தான். 1999ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இணைய இணைப்பைப் பகிரும் வசதி உண்டு. ஒரு கம்ப்யூட்டர் மோடத்தோடு 192.168.0.1 ஆக இருக்கும், மற்றவை அதன் பின்னால். நான் போகும் சென்டரில் மானிட்டர் மேல் ஸ்டிக்கர் ஒட்டி 2, 3, 4 என்று எழுதியிருப்பார் கடைக்காரர் அண்ணன். சிஸ்டம் 5 என்றால் 192.168.0.5. யார் எந்த சீட்டில் எத்தனை நிமிஷம் என்று அவர் நோட்டில் எழுதுவதும் அதே எண்ணை வைத்துத்தான். யாராவது செட்டிங்ஸில் கைவைத்து 5ஐ 4 ஆக்கிவிட்டால் இரண்டு திரையிலும் முகவரி மோதல் என்று ஒரு பெட்டி குதிக்கும், அண்ணன் கத்துவார். போஸ்டல் செய்ததும் அவர் செய்ததும் ஒரே வேலைதான்.

பிறகு அகலக்கற்றை வந்தது, ரவுட்டர் வீட்டுக்கு வந்தது, பதிவேடு அந்தப் பெட்டிக்குள் போய் நம் கண்ணிலிருந்து மறைந்தது. பெரும்பாலும் அது நன்றாகவே வேலை செய்கிறது. டிஎன்எஸ்மாஸ்க் ஒரு கருவிக்கு எந்த எண் தரலாம் என்பதை அதன் மேக் முகவரியிலிருந்தே கணக்குப் போட்டுத் தேடுகிறது. அதனால் மறந்துபோனாலும் பெரும்பாலும் அதே எண் கிடைக்கும். எல்லா ரவுட்டரும் அப்படி இல்லை. வாடகைப் பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்து, கரண்ட் போனதும் மறந்து, முதலில் வந்தவருக்கு முதல் எண் என்று கொடுப்பவை உண்டு. என் பிரிண்டர் எழுந்திருக்கக் கொஞ்சம் சோம்பேறி.

எண்ணே வேண்டாம் என்று நினைத்தவர்களும் உண்டு. ஆப்பிளின் ஸ்டூவர்ட் செஷையர், சொருகினால் பிரிண்டர் தானாகப் பட்டியலில் தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். பழைய ஆப்பிள்டாக்கில் அது நடந்தது, ஐபியில் மட்டும் ஏன் முடியாது என்பது அவர் கேள்வி. 2002ல் மேக் ஓஎஸ் 10.2வில் ரான்டேவூ என்ற பெயரில் வந்தது, 2005ல் பான்ஷூர் ஆனது. கருவிகள் ஒன்றுக்கொன்று பெயர் சொல்லிக் கூப்பிடும், எண் எப்படி மாறினாலும் கவலையில்லை. என் கம்ப்யூட்டர் அந்த முறையில் பிரிண்டரைச் சேர்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான்தான் என்றோ ஒரு நாள் அவசரத்தில் எண்ணைத் தட்டிச் சேர்த்திருக்கிறேன்.

இப்போது கதையின் கசப்பான பகுதி. முன்பதிவு அட்டவணை முழுக்க ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: மச்சம் மாறாது. 1981ல் அதுதான் அதன் சிறப்பு. ஆனால் மாறாத அடையாளம் பையில் இருக்கும் ஃபோனோடு தெருவில் நடக்க ஆரம்பித்தபோது அதே சிறப்பு வினையானது. வைஃபை தேடும் ஒவ்வொரு ஃபோனும் தன் மேக் முகவரியைச் சொல்லிக்கொண்டே போகும். 2013ல் லண்டன் சிட்டி பகுதியில் விளம்பரத் திரை வைத்த குப்பைத் தொட்டிகள் அந்த வழியாகப் போகிறவர்களின் ஃபோன் எண்ணங்களை, அதாவது மேக் முகவரிகளை, சேகரித்துக்கொண்டிருந்தது வெளியே வந்தது. நகர நிர்வாகம் ஆகஸ்டில் அதை நிறுத்தச் சொன்னது. குப்பைத் தொட்டி நம்மை அடையாளம் கண்டுகொள்ளும் காலம்!

அடுத்த வருஷம் ஐஓஎஸ் 8, தேடும்போது பொய் முகவரி சொல்ல ஆரம்பித்தது. 2016ல் ஆர்எஃப்சி 7844, டிஎச்சிபியில் கருவி தன்னைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்லலாம் என்று வகுத்தது. 2019ல் ஆண்ட்ராய்டு 10, 2020ல் ஐஓஎஸ் 14 இரண்டும் நெட்வொர்க்கில் சேரும்போதே ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தனித்தனிப் பொய் மச்சம் காட்டுவதை வழக்கமாக்கின. பூட்பியை எழுதிய இருவரில் ஒருவரான ஜான் கில்மோர், 1990ல் டிஜிட்டல் உரிமைகளுக்காக ஈஎஃப்எஃப் அமைப்பைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். இந்த மாற்றத்தை அவர் எப்படிப் பார்ப்பார் என்று எனக்கு ஒரு ஆவல் உண்டு.

வீட்டுக்குள் இதன் விளைவு விநோதம். பையனின் ஃபோனுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் இணையம் கிடையாது என்று ரவுட்டரில் எழுதிவைத்த அப்பாக்கள், ஒரு அப்டேட்டுக்குப் பிறகு விதி வேலை செய்யவில்லை என்று விழித்தார்கள். ஃபோன் புது மச்சத்தோடு வந்தது, ரவுட்டருக்கு அது யாரோ ஒரு அந்நியர். 2024ன் ஐஓஎஸ் 18ல், ஒரு நெட்வொர்க்கில் இந்த முகவரி நிலையாக இருக்கட்டுமா, சுழலட்டுமா, வேண்டவே வேண்டாமா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். வீட்டு வைஃபைக்கு மட்டும் நிலையானது என்று வைத்துவிட்டு, பிறகு ரவுட்டரில் முன்பதிவு செய்தால் தாங்கும். எனக்குத் தோன்றுவது, ஃபோனுக்கு நிரந்தர எண் தேவையே இல்லை. யார் யாரைத் தேடிப் போகிறார்களோ, தேடப்படுபவருக்கு நிரந்தர விலாசம் இருந்தால் போதும். பிரிண்டர், கேமரா, கோப்புகள் வைக்கும் பெட்டி, அவ்வளவுதான்.

இன்னொரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன், அடிக்கடி கேட்கிறார்கள். உள்ளே நிரந்தர எண் கொடுத்தால் வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க முடியுமா? அது வேறு பதிவேடு. உலகப் பதிவேட்டில் கடைசி ஐந்து பெரிய தொகுதிகள் 2011 பிப்ரவரி 3ம் தேதி பங்கிடப்பட்டன, நம் ஆசியப் பகுதி அந்த ஏப்ரலிலேயே ரேஷனுக்கு வந்துவிட்டது. அதனால் இணையம் தரும் நிறுவனமே பல வீடுகளை ஒரே எண்ணுக்குப் பின்னால் வைக்கிறது. அதற்கென்றே 2012ல் 100.64 முதல் 100.127 வரை ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி அந்த வரிசையில் இருந்தால் உங்கள் வீடு ஒரு அபார்ட்மென்டுக்குள் இருக்கும் வீடு, வாசலில் உங்கள் பெயர்ப் பலகை கிடையாது. ஐபிவி6 இதைத் தீர்க்கும், தீர்த்துக்கொண்டும் இருக்கிறது, ஆனால் அதில் முகவரி ஒதுக்கும் முறையே வேறு. அது தனிப் பதிவு.

என் பிரிண்டர் இப்போது 192.168.1.200. டிவி 7லேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அட்டவணையை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், ஏனென்றால் ரவுட்டரை ரீசெட் செய்தால் பதிவேடு மொத்தமும் போய்விடும். அது போதாது என்று, ரவுட்டரின் அட்டைப்பெட்டி மூடிக்கு உள்பக்கம் பேனாவால் மேக் முகவரிகளையும் எண்களையும் இரண்டு பத்தியாக எழுதியும் வைத்தேன்.